வினையை விலைக்கு வாங்கினேன்

ஆங்கிலத்தில் நான் எழுதியது நாலே நாலு சொல். அதில் மூன்று சொல் சரியாகத்தான் இருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். அதிகாரிகள் நாலாவதைப் பிடித்துக்கொண்டார்கள்.

பதினோரு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்டுகளைக் கவனித்துக்கொள்வது என் வேலை. கவனிப்பது என்றால் ஸ்பானர் பிடிப்பதில்லை. அதற்கு மெக்கானிக் இருக்கிறார். நான் தரைத்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கிற ஓர் அறையில் உட்கார்ந்து, எந்த லிஃப்ட் எப்போது நின்றது, எப்போது கிளம்பியது என்று பதிவேட்டில் எழுதுவேன். பன்னிரண்டு வருடம் நம் பாஷையில்தான் எழுதிவந்தேன். ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் வந்ததில்லை. யாரும் படித்ததில்லை என்பதும் ஒரு காரணம். போன மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. இனிமேல் பதிவெல்லாம் ஆங்கிலத்தில்.

சுற்றறிக்கை வந்த மறுவாரம், காலை பத்து நாற்பதுக்கு, மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே கட்டட முதலாளியின் மாமியார். இருபத்தைந்து நிமிடம். நான் மெக்கானிக்கை அழைத்தேன். கதவிடுக்கு வழியாக அந்த அம்மாவுக்கு ஆறுதல் சொன்னேன். அவர் பதிலுக்குச் சொன்னதையும் நின்று கேட்டுக்கொண்டேன். எல்லாம் முடிந்து, அறைக்கு வந்து, பதிவேட்டைத் திறந்து எழுதினேன்: 'ஐ ஸ்டாப்ட் த லிஃப்ட்.'

லிஃப்ட் நின்றது என்று எழுதுவதாகத்தான் என் நினைப்பு. 'ஐ' எதற்கு என்றால், ஆங்கில வாக்கியத்தை 'ஐ'யில் ஆரம்பிப்பதுதான் மரியாதை என்று பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதிய நாளிலிருந்து ஒரு பழக்கம்.

வெள்ளிக்கிழமை மெமோ வந்தது. மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"லிஃப்டை எதுக்குய்யா நிறுத்தினே?"

"நான் நிறுத்தலை சார். அதுவா நின்னுச்சு."

"நான்தான் நிறுத்தினேன்னு உன் கையெழுத்துல இருக்கே. நேரம் வேற போட்டிருக்கே."

"நின்னுச்சுங்கறதைத்தான் சார் எழுதினேன்."

"இங்க பாரு. மாமியாரைப் பாதி வழியில நிறுத்தி வைக்கணும்னு யாருக்குத்தான் ஆசை இருக்காது. அதை மனசோட வெச்சுக்கணும். எழுத்துல கொடுக்கலாமா?"

அடுத்த வெள்ளிக்கிழமை விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். அவர் வரும்போது என் விளக்கக் கடிதம், ஆங்கிலத்தில், தயாராக இருக்க வேண்டும். விளக்கம் சரியில்லை என்றால் என் அறை, மேசை, நாற்காலி எல்லாம் போய், லிஃப்டுக்குள்ளேயே முக்காலி போட்டு உட்கார்ந்து "எத்தனாவது மாடி?" என்று கேட்டுப் பொத்தான் அமுக்கும் வேலை. அந்த அம்மா வாரம் மூன்று நாள் வருகிறவர்.

அன்று மாலை வீடு திரும்பும் வழியில் ஒரு சபதம் செய்தேன். ஒரே வாரத்தில் ஆங்கில வினைச்சொற்களை ஒரு கை பார்ப்பது. நடைபாதைக் கடையில் ஒரு பழைய இலக்கணப் புத்தகம் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் பதினோராம் பக்கத்தில் ஆரம்பித்தது. திரும்ப ஓடிப்போய்க் கேட்டேன்.

"முதல் பத்துப் பக்கம் எங்கேப்பா?"

"அதை யாருமே படிக்க மாட்டாங்க சார். முன்னுரை, அப்புறம் வினைன்னா என்னங்கற விளக்கம். அவ்வளவுதான்."

ஆகவே வினையில் எத்தனை வகை உண்டு என்று தெரிந்துகொண்டேன். வினை என்றால் என்ன என்பது மட்டும் தெரியவில்லை. செயப்படுபொருள் கேட்கிற வினை ஒன்று, கேட்காத வினை ஒன்று. துணைக்கு நிற்கிற வினை ஒன்று. ஒழுங்கான வினை, ஒழுங்கில்லாத வினை. 'கோ'வுக்கு இறந்தகாலம் 'வென்ட்' என்றிருந்தது. கோ எங்கே, வென்ட் எங்கே? ரத்த சம்பந்தமே இல்லை. சரி, அதுதான் அவர்கள் வழக்கம் போலிருக்கிறது என்று 'டூ'வுக்கு 'ட்வென்ட்' என்று எழுதினேன். விடைப் பக்கத்தில் 'டிட்' என்றிருந்தது. 'புட்'டுக்கு இறந்தகாலம் 'புட்'டேதான். இறந்தபிறகும் மாறாத பிடிவாதம். எங்கள் சித்தப்பா ஒருவர் அப்படி இருந்தார்.

இதை மனைவியிடம் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அவள் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். பதினாலு வருடமாக ஆங்கிலத்தில்தான் தட்டுகிறாள். ஆனால் தட்டுவதற்கு விரல் போதும், அர்த்தம் தெரிய வேண்டியதில்லை என்பது என் திடமான நம்பிக்கை. மேலும் மெமோ விஷயம் தெரிந்தால் சிரிப்பாள். அவள் சத்தமில்லாமல் சிரிக்கிற சாதி. அதுதான் தாங்காது.

சனிக்கிழமை எதிர் ஃபிளாட் டிரில் மாஸ்டரிடம் என் கஷ்டத்தைச் சொன்னேன்.

"ஒரு விஷயத்தைக் கத்துக்கணும்னா இன்னொருத்தருக்குச் சொல்லிக் கொடுக்கணும் சார்," என்றார். "நான் நீச்சலை அப்படித்தான் கத்துக்கிட்டேன்."

"பசங்களுக்குச் சொல்லிக் கொடுத்தா?"

"நாலு வருஷம். கரையில நின்னு."

"இப்போ நல்லா நீந்துவீங்களா?"

"தண்ணியில இறங்கிப் பார்த்ததில்லை. ஆனா எல்லாம் தெரியும்."

யோசனை எனக்குப் பிடித்துவிட்டது. மெமோவைப் பற்றி மூச்சு விடாமல், மனைவிக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பதாக ஆரம்பிப்பது. அவளுக்குப் புரிகிறதோ இல்லையோ, எனக்கு மனதில் பதிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னேன்.

"எவ்வளவு நாளைக்குத்தான் அர்த்தம் தெரியாம டைப் அடிச்சுட்டிருப்பே? உனக்கு நான் இங்கிலீஷ் வினைச்சொல் சொல்லித் தர்றேன்."

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கெல்லாம் வருமாங்க?" என்றாள்.

"நான் சொல்லித் தந்தா வரும்."

"சரிங்க. எனக்கு மண்டையில மெதுவாத்தான் ஏறும். செஞ்சு காட்டினாத்தான் புரியும்."

இந்த இடத்தில் நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

"முதல் பாடம். சில வினைக்குச் செயப்படுபொருள் வேணும். அதுக்குப் பேரு ட்ரான்ஸிடிவ். சில வினைக்கு வேண்டாம். அது இன்ட்ரான்ஸிடிவ்."

"புரியலைங்க."

"இப்போ 'வாஷ்'. கழுவறது. எதைக் கழுவறதுன்னு ஒரு கேள்வி வருதில்ல?"

"எதை?"

"ஏதாவது. பாத்திரத்தை."

"எந்தப் பாத்திரத்தை?"

"இதோ இந்தத் தொட்டியில கிடக்கறதை வெச்சுக்கோயேன்."

"கழுவறதுன்னா எப்படிங்க? ஒண்ணு செஞ்சு காட்டுங்களேன். மனசுல நிக்கும்."

ஒரு தட்டைக் கழுவிக் காட்டினேன். தட்டு ஒருமை, பன்மைக்கு வினை மாறுமா என்று கேட்டாள். பன்மைக்கும் காட்டினேன். கடைசிக் கரண்டியைத் துடைத்துக் கவிழ்த்துவிட்டுத் திரும்பியபோது அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, நான் உட்கார்றேன். இதுக்குச் செயப்படுபொருள் வேண்டாமில்ல?"

"வேண்டாம்."

"அப்போ இது இன்ட்ரான்ஸிடிவ்."

"ஆமா. பிரமாதம்."

"கொஞ்சம் தூங்கறேன். இதுவும் அதே வகைதானே?" என்று கண்ணை மூடிக்கொண்டாள். மாணவி இவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டாளே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை 'ஸ்வீப்', 'ஃபோல்ட்', 'கட்' என்று நடத்தினேன். வீடு பெருக்கப்பட்டது. துணி மடிக்கப்பட்டது. வெங்காயம் நறுக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. 'அழுவது' செயப்படுபொருள் குன்றிய வினை என்று அவளே சொன்னாள். இரண்டு நாளில் ஒன்று கவனித்தேன். எங்கள் வீட்டில் செயப்படுபொருள் உள்ள வினை எல்லாம் எனக்கும், இல்லாதது எல்லாம் அவளுக்கும் வந்துகொண்டிருந்தது. தற்செயல் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை களைத்துப்போய், "டீ கிடைக்குமா?" என்றேன்.

"நேத்து ராத்திரி நீங்க படிக்கச் சொன்ன பக்கத்துல இருக்குங்க. கிடைக்கும்னா 'வில்'. கிடைக்கலாம்னா 'மே'. நீங்களே போட்டுக்க முடியும்னா 'கேன்'. நீங்கதான் போட்டாகணும்னா 'மஸ்ட்'."

"இப்போ எது?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "மஸ்ட்தாங்க பொருந்துது. எனக்கும் சேர்த்து."

டீயைக் குடித்துக்கொண்டே துணைவினை என்றால் என்ன என்று கேட்டாள். புத்தகத்தைப் பார்த்து வாசித்தேன்.

"தனக்குன்னு பெரிசா அர்த்தம் கிடையாது. முக்கியமான வினை ஒண்ணு வேலை செய்யும். அதுக்குப் பக்கத்துல இது சும்மா நிக்கும்."

"எதுக்கு நிக்குது?"

"ஒரு ஒத்தாசைக்கு."

"இல்லைன்னா முக்கிய வினை நடக்காதா?"

"பல சமயம் நடந்துரும்."

அவள் டம்ளருக்கு மேலே என்னைப் பார்த்தாள். "நல்லாப் புரிஞ்சுதுங்க. இதுக்குச் செஞ்சு காட்ட வேண்டாம்."

அவளுக்குப் புரிந்துகொண்டே போனது. எனக்கோ முதலில் தெரிந்ததும் போய்விட்டது. செவ்வாய் இரவு கடிதத்துக்கு உட்கார்ந்தேன். 'ஐ டிட் நாட் ஸ்டாப்ட்', 'த லிஃப்ட் வாஸ் ஸ்டாப்', 'த லிஃப்ட் ஸ்டாப்ட் மீ' என்று மூன்று எழுதினேன். மூன்றும் ஒரே மாதிரி அழகாக இருந்தன. எதை எழுதினால் மேசை போகும், எதை எழுதினால் நிற்கும் என்று தெரியவில்லை. முக்காலி கண்ணுக்குள் வந்து வந்து போனது.

புதன்கிழமை அந்த விபத்து.

எங்கள் வீட்டில் ஒரு கண்ணாடி ஜாடி. அவளுடைய அண்ணன், அதாவது என் மைத்துனர், முதன்முதலாக வெளியூர் போய்த் திரும்பும்போது வாங்கி வந்தது. உடையக்கூடாது என்று பதினாலு மணி நேரம் மடியிலேயே வைத்துக்கொண்டு ரயிலில் வந்தாராம். அந்தப் பதினாலு மணி நேரத்தையும் வருடத்துக்கு நாலு தடவை, ஒரு நிமிடமும் விடாமல், எங்களுக்கு விவரிப்பார். அவள் ஆபீஸிலிருந்து வருவதற்குள் பாத்திரப் பயிற்சியை முடித்துவிடலாம் என்று நான் முந்திக்கொண்டு ஆரம்பித்தேன். சோப்பு நுரையில் ஜாடி கையை விட்டுப் போனது. சத்தம் பெரிதாக இல்லை. துண்டுகள்தான் நிறைய. பொறுக்கி, பேப்பரில் சுற்றி, செருப்பு டப்பாவில் போட்டு, பீரோவுக்கு மேலே தள்ளிவிட்டேன்.

அவள் வந்தாள். கைப்பையை மாட்டினாள். அலமாரியையும் நுரை காயாத தொட்டியையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"ஜாடி எங்கேங்க?"

"உடைஞ்சு போச்சு."

"அப்படியா." எதிரில் வந்து உட்கார்ந்தாள். "இது என்ன வினை?"

"எது?"

"உடைஞ்சுதுங்கறது. இங்கிலீஷ்ல சொல்லுங்க."

"த ஜார் ப்ரோக்."

"செயப்படுபொருள் இருக்கா?"

"இல்லை."

"எந்த வகை?"

"இன்ட்ரான்ஸிடிவ்."

"சரி. ஜாடி அலமாரியிலேர்ந்து தானா இறங்கி, தொட்டிக்குப் போய், சோப்பு போட்டுக் குளிக்கும்போது வழுக்கி விழுந்துச்சு. அப்படித்தானே?"

"கிட்டத்தட்ட."

"பக்கத்துல யாராவது இருந்தாங்களா?"

"நான் இருந்தேன்."

"உங்க கையில என்ன இருந்துச்சு?"

"சோப்பு."

"சோப்பு தவிர?"

அவளுடைய வக்கீல் கோர்ட்டில் இப்படித்தான் கேட்பாராக்கும் என்று தோன்றியது.

"ஜாடி," என்றேன்.

"அப்போ வாக்கியம் எப்படி வரணும்?"

"ஐ ப்ரோக் த ஜார்."

"இப்போ செயப்படுபொருள் வந்துருச்சா?"

"வந்துருச்சு."

அவள் பெருமூச்சு விட்டாள். குரலை உயர்த்தவில்லை. "பதினாறு வருஷமா இந்த வீட்ல எல்லாம் தானாத்தாங்க நடக்குது. குடை தொலைஞ்சுது. சட்டை கிழிஞ்சுது. பால் பொங்கிருச்சு. பாங்கு பாஸ்புக் நனைஞ்சுருச்சு. இதுவரைக்கும் நான் செஞ்சேன்னு ஒரு வார்த்தை நீங்க சொன்னதில்லை. ஆபீஸ்ல தானா நின்ன லிஃப்டை மட்டும் நான் நிறுத்தினேன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்திருக்கீங்க."

"லிஃப்டா? உனக்கு எப்படி..."

"மெமோ சட்டைப் பையில இருந்துச்சு. துவைக்கப் போடும்போது பையைப் பார்க்காம போட மாட்டேன். போன வெள்ளிக்கிழமையே தெரியும்."

"பின்ன ஏன் சொல்லலை?"

"நீங்க ஆசையாச் சொல்லித் தர்றேன்னீங்க. தடுப்பானேன்."

கோபப்படலாமா என்று யோசித்தேன். அதற்குள் மண்டையில் ஏதோ ஒன்று நகர்ந்தது. ஜாடியும் லிஃப்டும் ஒரே கேஸ். நம் பாஷையில் உடைந்தது, உடைத்தேன் என்று சொல்லே மாறிவிடுகிறது. நின்றது, நிறுத்தினேன் என்பதும் அப்படித்தான். அவர்கள் பாஷையில் மாறுவதில்லை. ஒரே 'ப்ரோக்', ஒரே 'ஸ்டாப்ட்'. முன்னால் ஆளை வைத்தால் ஆள் செய்தது. பொருளை வைத்தால் தானாக நடந்தது. லிஃப்டுக்கு முன்னால் இருக்கக்கூடாத இடத்தில் நான் போய் நின்றிருக்கிறேன். ஒரு வாரத்தில் எனக்குப் புரிந்த ஒரே விஷயம் அதுதான். அதைச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது.

"அவ்வளவுதாங்க. 'த லிஃப்ட் ஸ்டாப்ட்.' மூணு சொல். நாலாவது தேவையில்லை."

"உனக்கு இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது?"

"பதினாலு வருஷமா வக்கீலுக்கு யாரு எழுதறாங்கன்னு நினைச்சீங்க?"

"அவர் சொல்லச் சொல்ல நீ டைப் அடிக்கிறேன்னு."

"அவர் சொல்றதை அப்படியே அடிச்சா கட்சிக்காரங்க எல்லாரும் இந்நேரம் உள்ள இருப்பாங்க."

விளக்கக் கடிதத்தைத் தானே எழுதித் தருவதாகச் சொன்னாள். அதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தி, 'ஐ ப்ரோக் த ஜார்' என்று எழுதித் தேதியோடு கையெழுத்துப் போடச் சொன்னாள்.

"இது கடிதத்தோட வைக்கறதுக்கா?"

"இல்லைங்க. அண்ணனுக்கு."

வியாழக்கிழமை மாலை கடிதம் வந்தது. இரண்டு பக்கம், ஓர் எழுத்துப் பிழை கிடையாது. முதல் பக்கத்தை எனக்கு வரிவரியாக விளக்கினாள். இரண்டாம் பக்கம் வெறும் முடிவுரை என்றாள். பெரிய பெரிய சொற்கள். கீழே கையெழுத்துக்கு ஒரு புள்ளிக்கோடு. புள்ளிக்கோடு புரிந்தது. போட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விசாரணை. அதிகாரி மெலிந்த மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி. கடிதத்தை முழுவதும் படித்தார். மேனேஜர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே வினை ரெண்டு வகையா வரும்னு எழுதியிருக்கீங்க. வாயால சொல்லுங்க பார்ப்போம்," என்றார்.

லிஃப்டைச் சொல்ல ஆரம்பித்தேன். குழறியது. ஜாடிக்குத் தாவிவிட்டேன். சோப்பு, நுரை, செருப்பு டப்பா எல்லாம் சொன்னேன். இனி முக்காலிதான் என்று முடிவு செய்துகொண்டேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வீட்ல கேட்டப்போ என்ன சொன்னீங்க?"

"உடைஞ்சுதுன்னு சொன்னேன் சார்."

"எங்க வீட்ல ஃபிளாஸ்க்," என்றார் மெதுவாக. "நானும் அதைத்தான் சொன்னேன்."

மெமோவின் மேல் 'முடிக்கப்பட்டது' என்று எழுதினார். எனக்கு உயிர் வந்தது. கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

"இருங்க. ரெண்டாம் பக்கத்துல நீங்க கேட்டிருக்கறதும் நியாயமாத்தான் படுது. சாங்ஷன் பண்ணிட்டேன்."

"நான் என்ன சார் கேட்டேன்?"

அவர் தமிழில் சொன்னார். ஆங்கில வினைகளில் எனக்கு இன்னும் தேர்ச்சி போதாது என்றும், வீட்டில் மனைவியின் மேற்பார்வையில் செயல்முறைப் பயிற்சி நல்ல பலன் தருவதாகவும், அது தடைபடாமல் தொடர ஒவ்வொரு சனிக்கிழமையும் மதியத்துக்கு மேல் எனக்கு விடுப்பு வேண்டும் என்றும் நான் பணிவோடு கேட்டிருந்தேனாம். பயிற்சி ஒழுங்காக நடக்கிறதா என்று மாதக் கடைசியில் மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்டுத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பவும் சம்மதித்திருந்தேனாம். மேனேஜர் என்னைப் பொறாமையோடு பார்த்தார்.

மறுநாள் சனிக்கிழமை. உத்தரவுப்படி மதியம் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். குளியலறை வாசலில் படுக்கை விரிப்பு, திரைச்சீலை, தலையணை உறை என்று என் இடுப்பு உயரத்துக்கு ஒரு குவியல். பக்கத்தில் இரண்டு வாளி. என் மனைவி ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, காலை நீட்டி, வாரப் பத்திரிகை ஒன்றைப் பிரித்து வைத்திருந்தாள்.

"வாங்க. இன்னைக்குப் புதுப் பாடம்," என்றாள்.

"என்ன பாடம்?"

"செயப்பாட்டு வினை. இங்கிலீஷ்ல பாஸிவ்னு சொல்வாங்க." பக்கத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னாள். "துணிகள் துவைக்கப்படும். இதுல யாராலன்னு எழுத வேண்டிய அவசியமே இல்லைங்க."